எந்தச் சுத்தம்?

ஜனவரி 9

காலையில் குளியலறைக் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்க, நான் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியே மாமனாரின் குரல்: "தண்ணிய நிறுத்துறதுல உங்களுக்கு நல்ல கைராசி, மாப்பிள்ளை."

இது குளியலறையைப் பற்றிய பேச்சு இல்லை. கீழ்த்தரையைப் பற்றியது.

இந்தப் பண்ணையில் மேட்டில் வீடு, அதற்குப் பின்னால் காடு, சரிவில் மாடு மேயும் புல்வெளி. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் பள்ளம்தான் கீழ்த்தரை. ஒரு காலத்தில் சதுப்பு. மாமனார் இளவட்டமாக இருந்தபோது, பூமிக்கடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து, தண்ணீரையெல்லாம் வாய்க்காலுக்கு வடித்து அதைக் கட்டாந்தரை ஆக்கினார். அந்தப் பெருமையில்தான் இத்தனை வருஷமும் நிமிர்ந்து நடக்கிறார். தரைதான் நன்றி கெட்டது. உரத்தை வாங்கிக்கொள்கிறது, விதையை வாங்கிக்கொள்கிறது, எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. குழாய்களை அடைத்து, மறுபடியும் சதுப்பாகவே விட்டுவிடலாம் என்று நேற்று நான் சொன்னேன். ஒரு மனிதர் தன் வாலிபத்தைப் புதைத்த இடம். அதை ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அடுத்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் எடுத்துக்குங்க மாப்பிள்ளை. அதுக்குள்ள அங்க பாக்குற மாதிரி ஏதாவது வந்தா அப்படியே இருக்கட்டும். வெறும் சேறுதான்னா என் பையன் சொல்ற ஆளுக்கு விட்டுடுவோம். அதுவரைக்கும் நான் குறுக்க வரமாட்டேன்."

பையன் என்பது என் மச்சான், மனைவியின் அண்ணன், நகரத்தில் இருக்கிறார். அவர் சொல்லும் ஆள் புல்தரை வியாபாரி. நிலத்தை மட்டமாக்கி, ஒரே உயரத்துக்குப் புல் வளர்த்து, மண்ணோடு அறுத்துப் பாய் போல் சுருட்டி விற்பவர்.

"எங்கப்பா குறுக்க வரமாட்டேன்னா, பக்கவாட்டுல வருவார்னு அர்த்தம்" என்றாள் என் மனைவி. அவள் கால்நடை மருத்துவர். அப்பாவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது ஒரு மாதம் என்று வந்தோம். இடுப்பு சேர்ந்துவிட்டது. நான் இன்னும் இருக்கிறேன். வீட்டோட மாப்பிள்ளை சொந்தமாக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன், அதுவும் சேறு.

ஜனவரி 23

முதல் குழாயின் வாயைக் களிமண்ணால் அடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று ஒழுகத் தொடங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இந்தப் பூதத்துக்குத் தம்பிகளும் உண்டு போலிருக்கிறது.

பிப்ரவரி 6

எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் மாமனாரின் தலைக்குள் இருக்கிறது. தலை முன்வராந்தாவில், நாற்காலியில், பைனாகுலரோடு இருக்கிறது. நான் தப்பான இடத்தில் தோண்டும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு இருமல் கேட்கிறது. சரியான இடத்தில் தோண்டினால் இருமல் இல்லை. முதலில் இது எனக்குப் புரியவில்லை. புரிந்து, நான் இருமலை வைத்து இடம் மாற ஆரம்பித்ததும் அவர் இருமுவதை நிறுத்திவிட்டார்.

"தோண்டுங்க தோண்டுங்க, இடுப்புக்கு நல்லது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மார்ச் 2

தண்ணீர் நிற்கிறது! கணுக்கால் அளவு. ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்த மாதிரி. மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"தண்ணி" என்றாள்.

"ஆமா."

"நல்லாருக்கு" என்றாள். மாட்டு வைத்தியத்துக்குப் போகும் அவசரத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஏப்ரல் 17

கோரை முளைத்திருக்கிறது. பெயர் தெரியாத முள்செடியும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. தபால்காரர் வாசலில் நின்று, "பண்ணைய வித்துட்டீங்களா?" என்று கேட்டார். மாமனார் காதில் விழுந்துவிட்டது. சாப்பிடும்போது, "நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுப் போறாரு மாப்பிள்ளை. நான் என்ன சொல்லட்டும்? தண்ணிய வித்துட்டோம், சேத்த வாங்கியிருக்கோம்னா?" என்றார்.

எவ்வளவு குத்தினாலும் 'மாப்பிள்ளை'யும் 'வாங்க போங்க'வும் குறைவதில்லை. மரியாதையோடு வாங்கும் அடிக்குத் தைலம் கிடையாது.

தோட்டக்காரருக்கும் முகம் சரியில்லை. இந்தப் பண்ணையின் வேலிக்குள் ஒரு புல் இன்னொரு புல்லைவிட உயரமாக இருக்க அவர் விட்டதே இல்லை. இப்போது கீழ்த்தரைப் பக்கம் போகும்போது, தெரிந்தவர் வேட்டி அவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டவர் போலத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

மே 20

ஆள்காட்டி வந்திருக்கிறது. ஜோடியாக.

யார் பக்கத்தில் போனாலும் ஊரைக் கூட்டுகிற பறவை. ஆளைக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர். தண்ணீருக்கு நடுவே மேடாக இருந்த இடத்தில் வெறும் தரையில் நான்கு முட்டைகள், மண் நிறத்தில், புள்ளி புள்ளியாக. கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்னக் குழி. மிதித்துவிடக் கூடாதே என்று வந்த வழியே பின்னோக்கி நடந்து வந்தேன். ஒருமுறை விழுந்தேன். சந்தோஷத்தில் வலி தெரியவில்லை என்று எழுதலாம். தெரிந்தது.

மாமனாரிடம் சொன்னேன். "குழாய் போட்ட வருஷம் போன பறவைங்க. அதுக்கப்புறம்தான் இந்த வீட்டுல நிம்மதியா தூங்கினோம்" என்றார். ஆனால் பைனாகுலரின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஜூன் 8

நகரம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாய் நிறையப் பஞ்சு. மனைவிக்கும் இங்கே ஒரு கூட்டம் இருப்பதால் மச்சான் வீட்டிலேயே தங்கியிருக்கிறோம். மதியம் தோட்டக்காரர் போன் செய்தார்: "கீழ்த்தரைய என்ன பண்றதுங்க சார்?" நீளமாகப் பேச முடியாததால் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

ஜூன் 10

போச்சு. எல்லாம் போச்சு.

வண்டியை விட்டு இறங்கும்போதே அந்த வாசனை. வெட்டின புல் வாசனை. ஓடினேன். கீழ்த்தரை முழுக்க மழிச்ச தலை மாதிரி கிடக்கு. கோரை இல்ல. முள்செடி இல்ல. வாரிக் குவிச்சு ஓரமா அடுக்கியிருக்கார், அதுவும் வரிசையா, ஒரே உயரத்துல. நான் வச்ச அடைப்பையெல்லாம் பிடுங்கி வாய்க்காலைத் தூர் வாரியிருக்கார். தண்ணியே இல்ல.

அவர் நடுவில் நிற்கிறார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக.

"சொன்ன மாதிரியே சுத்தமா விட்டுட்டேன் சார்."

நான் என்ன சொன்னேன்? பஞ்சு அடைத்த வாயோடு என்ன சொல்லித் தொலைத்தேன்? "சுத்தமா விட்டுடுங்க" என்றேன். கை வைக்காதீங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, அப்படியே விட்டுடுங்க என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். சிகரெட்டைச் சுத்தமா விட்டுட்டான் என்றால் கழுவியா வைத்தான்? ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையில் சுத்தம் என்றால் ஒன்றுதான். நான்கு மாதமாக இந்த உத்தரவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். ராத்திரியே மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தாராம்.

முட்டை இருந்த மேட்டைத் தேடினேன். மேடே இல்லை. அதையும் நிரவிவிட்டார். மனைவி மண்டியிட்டு ஒரு முட்டை ஓட்டுத் துண்டை எடுத்தாள். கையில் மூடிக்கொண்டாள்.

"முட்டை இருந்துதா?" என்றார் தோட்டக்காரர். முகம் செத்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

அவரைத் திட்ட முடியவில்லை. அதுதான் பெரிய கொடுமை.

ஜூன் 11

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். வராந்தாவுக்குப் போய் மாமனாரிடம் கேட்டேன்: "நீங்க இங்கதானே இருந்தீங்க மாமா? பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

"குறுக்க வரமாட்டேன்னு சொல்லியிருந்தேனே, மாப்பிள்ளை."

என் வாழ்நாளில் ஒரு பெரியவரைக் கைநீட்டி அடிக்கத் தோன்றியது அப்போதுதான். அடிக்கவில்லை. "சரிங்க மாமா" என்றேன். பல் பிடுங்கிய இடம் விண்ணென்று தெறித்தது.

ஜூன் 13

அந்த ஜோடி வெறுந்தரைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து கத்துகிறது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. காட்டிக்கொடுக்க ஆள் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் கத்துகிறது.

ஜூன் 15

இன்று சத்தம் இல்லை. போய்விட்டன.

மாமனார் நாற்காலியைப் பின்பக்கத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். முன்னால் வெயில் அதிகமாம். முன்வராந்தாவில் வெயிலே வராது.

ஜூலை 4

சிரிப்பு திரும்பிவிட்டது, என் செலவில். இந்த வீட்டில் இனி சுத்தம் என்று ஒன்று கிடையாது, இரண்டு. தோட்டக்காரர் சுத்தம் என்றால் துடைத்து வைப்பது. மாப்பிள்ளை சுத்தம் என்றால் போட்டது போட்டபடி விடுவது. பெயர் சூட்டியவர் மாமனார். என் அலமாரியைத் திறந்து பார்த்து மனைவி, "இது எந்தச் சுத்தம்?" என்கிறாள். போனில் மச்சான்கூட, "தாடி வளக்கறீங்களாமே, மாப்பிள்ளை சுத்தமா?" என்கிறார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

தோட்டக்காரர் மட்டும் சிரிப்பதில்லை. நான் என்ன வேலை சொன்னாலும், கையைக் கட்டிக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டி, "எந்தச் சுத்தம்ங்க சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.

ஆகஸ்ட் 12

முதலிலிருந்து. களிமண், மண்வெட்டி, இடுப்புவலி. கேட்காமலே தோட்டக்காரர் கூட வந்து நிற்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவர் மண் குழைக்கிறார், நான் அடைக்கிறேன்.

செப்டம்பர் 29

நல்ல மழை. தண்ணீர் ஏறியது. இரண்டே நாளில் இறங்கிவிட்டது. எங்கேயோ ஒரு குழாய் பாக்கி இருக்கிறது. எங்கே?

அக்டோபர் 5

மறுபடியும் மழை. ஏறியது, இறங்கியது. வாய்க்கால் ஓரம் முழுக்கத் தவழ்ந்து பார்த்துவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று மானத்தை விட்டு மாமனாரிடமே கேட்டேன்.

"கடைசியா ஒரு குழாய் இருக்கணும் மாமா. எங்க போட்டீங்க?"

ஜன்னலைப் பார்த்தார். "மறந்து போச்சு மாப்பிள்ளை. வயசாயிடுச்சில்ல?"

மனைவியிடம் சொன்னேன். "அப்பாவுக்கு மறதியா? நான் ஏழாங்கிளாஸ்ல கணக்குல வாங்கின மார்க்க இன்னும் சொல்லிக்காட்டுறாரு."

தண்ணீர் நிற்காவிட்டால் கோரை வராது. கோரையும் சேறும் இல்லாத இடத்துக்குப் பறவை எதற்கு வரும்? ஏப்ரலில் புல்தரைக்காரர் வருவார். எனக்கு இந்தத் தோல்வி பெரிதாக வலிக்கும் என்று நினைக்கவில்லை. வலிக்கிறது. எனக்கென்று இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது என்று நானே தமாஷ் செய்துகொள்வேன். அது தமாஷ் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 26

விடியற்காலையில் ஆள்காட்டிச் சத்தம்! திரும்பி வந்திருக்கிறது, ஒன்றோ இரண்டோ. ஆனால் அந்த நேரத்தில் யாரைப் பார்த்துக் கத்தியது? நான் படுக்கையில் இருந்தேன். மனைவி பக்கத்தில்.

அக்டோபர் 30

இன்றும் அதே நேரத்தில் கத்தியது. காலையில் பார்த்தால் மாமனாரின் கைத்தடி நுனியில் சேறு.

"எங்கயாவது போனீங்களா மாமா?"

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?"

நவம்பர் 14

நேற்று விடியலில் ஆள்காட்டி கத்திய கத்தலில் வீடே எழுந்திருக்க வேண்டும். மழை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். இன்று போய்ப் பார்த்தால் தண்ணீர் நேற்றிருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன். மூலையில், நான் பத்து முறை தாண்டிப்போன புதருக்கு அடியில், கிளைகளை ஒதுக்கியிருந்தது. உள்ளே ஒரு குழாய் வாய். அடைத்திருந்தது. என் அடைப்புகளெல்லாம் பிள்ளைகள் அப்பிய சேறு மாதிரி இருக்கும். இதில் களிமண்ணைக் கெட்டியாக இறுக்கி, கொத்துக் கரண்டியால் மழமழவென்று தேய்த்து, ஓரத்தை வளைத்து முடித்திருந்தது. அந்தக் குழாயைப் போட்ட கைக்குத்தான் அதை மூடவும் அப்படி வரும்.

இடுப்பு முறிந்து சேர்ந்த மனிதர் தனியாகக் குனிந்திருக்க முடியாது. தோட்டக்காரரைத் தேடினேன். இடுப்பு வரை நனைந்த கால்சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால்ல இறங்கினீங்களா?"

"மீன் பாக்கப் போனேன் சார்."

"அதுல ஏது மீன்?"

"அதான், இருக்கான்னு பாக்கப் போனேன்."

மனைவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. பிறகு, "போய் எதையாவது கேட்டு வைக்காதீங்க. மறுபடியும் பிடுங்கிடுவார்" என்றாள்.

கேட்கவில்லை. மாமனாரின் செருப்பில் காய்ந்திருந்த சேற்றை மட்டும் யாரும் பார்க்காதபோது தட்டி வைத்தேன்.

டிசம்பர் 3

நாற்காலி முன்வராந்தாவுக்குத் திரும்பியிருக்கிறது. பின்பக்கம் வெயில் அதிகமாம்.

பிப்ரவரி 18

எழுத நேரமில்லை. சரிவில் உரம் போடுவதை நிறுத்தியாகிவிட்டது. மாடுகளைக் கொஞ்ச நாள் இந்தப் பக்கம், கொஞ்ச நாள் அந்தப் பக்கம் என்று மாற்றி மேயவிடுகிறோம். மனைவியின் யோசனை. கீழ்த்தரையில் தலைப்பிரட்டைகள் கொழுத்துப் புரள்கின்றன. தும்பி பறக்கிறது. தோட்டக்காரர் கோரைக்கு நடுவே நின்று, பையில் கைகளை விட்டுக்கொள்கிறார். வெளியே எடுத்தால் எதையாவது பிடுங்கிவிடுமோ என்று பயமாம்.

மார்ச் 26

காலைச் சாப்பாட்டின்போது மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாலு" என்றார்.

"என்ன நாலு மாமா?"

"ஒண்ணுமில்ல. உப்பத் தள்ளுங்க."

ஏப்ரல் 12

மச்சானும் புல்தரை வியாபாரியும் வந்தார்கள். மச்சான் கெட்டவர் இல்லை. நிலத்தைப் பார்த்தால் அவருக்கு இந்த வீட்டின் ஒழுகுகிற கூரையும் அதை மாற்றத் தேவையான பணமும் ஞாபகம் வருகிறது. எனக்குத் தவளை ஞாபகம் வருகிறது. அவர் பக்கத்தில்தான் நியாயம் அதிகம் என்று ராத்திரியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது.

வியாபாரி அளக்கிற நாடாவோடு கீழ்த்தரையில் இறங்கினார். ஆள்காட்டி அவர் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது. நாடாவைப் போட்டுவிட்டு ஏறி வந்துவிட்டார். "பாம்பா இருந்தாக்கூடப் பரவாயில்ல சார்" என்றார்.

மச்சான் வராந்தாவில் நின்று கையை விரித்தார். "அப்பா, பாக்குற மாதிரி இருந்தாத்தான்னு சொன்னீங்க. இது பாக்குற மாதிரியா இருக்கு?"

மாமனார் பைனாகுலரை நீட்டினார். "பாரு."

"சேறுதான்பா தெரியுது."

"சேத்துக்கு நடுவுல ஒரு கல்லு தெரியுதா?"

"தெரியுது."

"கல்லுக்குக் கண்ணு இருக்கா?"

மச்சான் பைனாகுலரை இறக்கவில்லை. பெண் பறவை முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் புல் வெட்டும் மெஷினோடு வந்து நின்றார். வீட்டு முன்னால் வெட்டுகிற நாள் அது. மச்சானைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார். நிறம் மாறிவிட்டது. நேராக மாமனாரிடம் கேட்டார்.

"கீழ்த்தரைய என்ன பண்றதுங்கய்யா?"

"சுத்தமா விட்டுடு."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். தோட்டக்காரர் மெஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எந்தச் சுத்தம்ங்கய்யா?"

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மகன் கையிலிருந்த பைனாகுலரை வாங்கி, கண்ணில் வைத்து, மெதுவாகத் திருகிச் சரிசெய்தார்.

"மாப்பிள்ளை சுத்தம்."

தோட்டக்காரர் தலையாட்டிவிட்டு மெஷினை வீட்டுப் பக்கம் திருப்பினார். மச்சான் மதியம் வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கூரைக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். நான் ஒரு வேலையும் இல்லாமல் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், ரொம்ப நேரம்.

மே 2

விடியற்காலையில் ஆள்காட்டி கத்தியது. எழுந்து பார்க்கவில்லை. மாமாவாகத்தான் இருக்கும்.